டோரஸ் ஜலசந்தி கற்பிக்கும் பாடம்

பூகோளம் பயிலும் சிறுவரை நோக்கி, "இந்த ஜலசந்தியைக் கண்டுபிடித்தவர் யார்?" என வினவி, ஒரு பெயரை விடையாகப் பெற்று மனநிறைவு கொள்வது நம் பள்ளிகளிற் பெருவழக்கு. பெயரும் ஆண்டும் மனப்பாடமாயின் அச்செய்தி முற்றுப் பெற்றதென்றே ஆசிரியரும் மாணவரும் எண்ணிவிடுகின்றனர். யாமும் இளமையில் அவ்வாறே கற்றோம். ஆயின், ஒருவர் ஒன்றைக் காண்டல் வேறு, உலகம் அதனை அறிதல் வேறு என்பதும், ஒருவர் கண்டதற்கு முன்னரே அதனை நன்கறிந்தார் பலர் இருத்தல் கூடும் என்பதும் அவ்விடையில் அடங்குவதில்லை. ஆதலின், "கண்டுபிடித்தல்" என்னும் சொல்லைச் சிறிது உரைத்துப் பார்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அதற்கு உரைகல்லாக ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் இடையே கிடக்கும் டோரஸ் ஜலசந்தியின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

ஆஸ்திரேலியாவின் வடகோடியாகிய யார்க்கு முனைக்கும் நியூகினியின் தென்கரைக்கும் இடையே, மிகக் குறுகிய இடத்தில், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அகலமுடையது இக்கடல். அகலத்தை மட்டும் கேட்பார்க்கு, இத்துணைப் பரந்த வழியில் இடர் யாது என்று தோன்றும். இடர் அகலத்தில் இல்லை, ஆழத்தில் உளது. பெரும்பகுதியில் இதன் ஆழம் 15 மீட்டருக்கு மிகுவதில்லை. பண்டு இரு நிலங்களும் ஒன்றாயிருந்தன. பனியூழி கழிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது, ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன், இடைப்பட்ட தாழ்நிலம் நீரில் அமிழ்ந்தது. அன்று குன்றுகளாய் நின்றவற்றுட் பல இன்று தீவுகளாய் நிற்கின்றன. தீவுகள் மட்டும் 270-க்கு மேற்பட்டன. நீர்க்கீழ் மறைந்து கிடக்கும் பவளப் பார்களும் மணற்றிட்டுக்களும் எண்ணிலடங்கா. கிழக்கே பவளக் கடலிலும் மேற்கே அராபுராக் கடலிலும் ஓதம் ஒரே வேளையில் ஏறி இறங்குவதில்லை. ஆதலின், ஒருபால் நீர் உயர்ந்தும் ஒருபால் தாழ்ந்தும் நிற்ப, தீவுகளின் இடுக்குக்களில் அது காட்டாறு போலப் பாய்கின்றது. காற்றொன்றையே நம்பிச் செல்லும் பாய்மரக் கப்பல், இத்தகைய இடத்தில் காற்று ஒரு திசையும் நீரோட்டம் ஒரு திசையுமாக ஈர்க்க, என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அக்காலத்து மாலுமிகளுக்கு இருந்த துணையோ மிகச் சிறிது. ஈயக் குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு, அடி தட்டும்வரை எத்தனை பாகம் என்று எண்ணுவர். குண்டின் அடியிற் கொழுப்பைத் தடவி விட்டால், அதில் ஒட்டிவரும் மணலையும் சிப்பியையும் கொண்டு கடலடியின் இயல்பை உணர்வர். கதிரவனின் உயரத்தை அளந்து, தாம் வடக்குத் தெற்காக எவ்விடத்து உள்ளோம் என்பதை ஒருவாறு கணிப்பர். கிழக்கு மேற்கான நிலையை அறிதற்கோ, 1606-ஆம் ஆண்டில் நம்பத்தக்க கருவி ஒன்றும் இருந்திலது. அஃது ஊகத்தின்பாற்பட்டதாகவே இருந்தது.

அவ்வாண்டு இருவேறு ஐரோப்பிய இனத்தார், ஒருவரை ஒருவர் அறியாராய், இக்கடலின் இருபுறத்தும் சில மாத இடைவெளியில் வந்தனர். முதற்கண் வந்தவர் ஒல்லாந்தர். வில்லெம் யான்ஸ்ஸோன் என்பார் "டைஃப்கன்" என்னும் சிறு கப்பலில் சாவகத் தீவின் பாண்டமிலிருந்து புறப்பட்டு, நியூகினிக் கரையோரமாக வந்து, தெற்கே திரும்பி, யார்க்கு முந்நிலத்தின் மேல்கரையை அடைந்தார். ஐரோப்பியர் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தமைக்குத் தெளிவான சான்றுள்ள முதற் செலவு இதுவே. ஆயினும், தாம் நிற்பது வேறொரு கண்டம் என்பதை அவர் உணர்ந்திலர்; நியூகினியின் தொடர்ச்சியே இஃது என்று கருதினர். இடையிற் கிடந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு அவருக்கு வழியாகத் தோன்றாது வளைகுடாவாகத் தோன்றிற்று. அவர் திரும்பிய இடம் இன்றும் "கீர்வீர் முனை", அதாவது "திரும்பு முனை" என்றே வழங்குகின்றது.

மற்றொருவர் ஸ்பானியக் கொடியின்கீழ் வந்த லூயிஸ் வாயெஸ் தே டோரஸ் என்பார். 1605-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், பெரு நாட்டின் கயாவோத் துறையிலிருந்து பேத்ரோ பெர்னாந்தெஸ் தே கேய்ரோஸ் என்னும் தலைவரின்கீழ் மூன்று கப்பல்கள் தென்கண்டம் தேடிப் புறப்பட்டன. அவற்றுள் ஒன்றன் தலைவர் டோரஸ். 1606 மே மாதத்தில் அவர்கள் எஸ்பிரித்து சாந்தோத் தீவை அடைந்தனர். அஃது இன்று வனுவாத்து நாட்டின்கண் உள்ளது. ஜூன் மாதத்து ஓரிரவில் கேய்ரோஸின் கப்பல் பிரிந்து சென்றது, மீண்டு வந்திலது. டோரஸ் பதினைந்து நாள் காத்திருந்தார். பின்னர், எஞ்சிய இரு கப்பல்களோடு மேற்றிசை நோக்கினார். நியூகினியின் கீழ்கோடியைச் சுற்றி வடக்கே செல்லவே முயன்றார். காற்று இடங்கொடாமையின் தென்கரையோரமாகச் செல்லத் துணிந்தார்.

ஈண்டுத் தொடங்கிற்று அவ்வரிய செலவு. 3 பாகம் முதல் 25 பாகம் வரை ஆழமுள்ள திட்டுப் பரப்பில் இரண்டு மாத காலம் இருந்ததாக அவரே எழுதியுள்ளார். பார்களும் பெருநீரோட்டங்களும் கரையோர வழியை அடைத்தமையால், தென்மேற்கே விலகி, தீவுகளினூடே சென்றார். தெற்கே பெருந்தீவுகள் தோன்றின என்பதும் அவர் குறிப்பு. 1607 மே 22-ஆம் நாள் மணிலாத் துறையை அடைந்தார். ஜூலை 12-ஆம் நாள், தாம் கண்டவற்றையெல்லாம் ஸ்பானிய மன்னர்க்குத் திருமுகமாக எழுதினார். அதன் பின்னர் அவ்வீரர் என்னவாயினார் என்பதற்கு வரலாற்றில் ஒரு குறிப்பும் இல்லை.

திருமுகம் எழுதப்பட்டது; ஆயின் உலகிற்கு வெளியிடப்படவில்லை. அந்நாளில் கடல்வழி பற்றிய செய்தி பொன்னினும் அரிய பொருளாகக் கருதப்பட்டது. பிறநாட்டார் அறிந்தால் வணிகமும் நாடும் கைவிட்டுப் போம் என்னும் அச்சத்தால், ஸ்பானியர் அதனை ஆவணப் பேழைக்குள் வைத்துக் காத்தனர். அக்காப்பினால் விளைந்தது யாது? 1623-இல் யான் கார்ஸ்டென்ஸ்ஸோன் என்னும் ஒல்லாந்தர் மீண்டும் மேற்புறத்திலிருந்து வந்து, வழியை வளைகுடா என்றே எண்ணித் திரும்பினார். 1644-இல் ஆபெல் டாஸ்மன், வழி உண்டா இல்லையா எனத் தேர்ந்து வருமாறு ஏவப்பட்டும், அதனைக் காணாதே மீண்டார். படம் வரைவோருட் பலர் இரு நிலங்களையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்தனர். சிலர் வெறும் ஊகத்தால் இடைவெளி விட்டனர். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்து அறிந்துவந்த உண்மை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக மரக்காலின் கீழ் வைத்த விளக்காயிற்று.

அவ்விளக்கை வெளியே எடுத்தவர் வரலாறு நம் சென்னையோடு தொடர்புடையது. 1753-ஆம் ஆண்டு, பதினாறு வயது நிரம்பாத அலெக்சாண்டர் டால்ரிம்பிள் என்னும் ஸ்காத்து நாட்டு இளைஞர், கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். கோட்டையிற் கிடந்த பழைய ஏடுகளைப் புரட்டிக் கீழைத்தீவுகளின் வணிகத்தை ஆராய்வதில் அவர்க்குப் பெருவேட்கை பிறந்தது. 1762-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை மணிலாவைக் கைப்பற்றிற்று. ஸ்பானியர் காத்துவந்த கடற்செய்திகள் மெல்ல வெளிப்படலாயின. டால்ரிம்பிள் பழைய ஸ்பானியக் குறிப்புக்களைத் திரட்டி, ஒப்புநோக்கி, தென்கடற் செலவுகளைப் பற்றி 1767-இல் ஒரு நூல் அச்சிட்டார். அதன் படத்தில் டோரஸ் சென்ற வழி வரையப்பட்டிருந்தது. டோரஸின் பெயரை அந்த ஜலசந்திக்கு வழங்கியவரும் அவரே. நம்மினும் இளையராய் இவ்வூருக்கு வந்த ஓர் எழுத்தர், பிறர் பொருட்படுத்தாத பழங்காகிதங்களைப் படித்தமையால் இது நிகழ்ந்தது என்பதை, படிப்பையே தொழிலாகக் கொண்ட நாம் மறத்தலாகாது.

1768-இல் தென்கடலுக்கு அனுப்பப்பட்ட "எண்டெவர்" கப்பலின் தலைமையை டால்ரிம்பிள் விரும்பினார். அவர் கடற்படையினர் அல்லர் எனக் கூறி, அது ஜேம்ஸ் குக் என்பார்க்கு அளிக்கப்பட்டது. ஆயினும் டால்ரிம்பிளின் நூற்படி ஒன்று, ஜோசப் பாங்க்ஸ் என்னும் அறிஞர் கையில், அக்கப்பலிலேயே சென்றது. 1770 ஜூன் 11-ஆம் நாள் இரவு எண்டெவர் பவளப் பாரில் ஏறிற்று. பீரங்கிகளையும் பளுவையும் கடலில் எறிந்து, ஒரு நாளளவு போராடி, அதனை மீட்டனர். ஓர் ஆற்றுமுகத்தில் ஒதுங்கிப் பழுது நீக்கி, ஆகஸ்டு மாதத்தில் யார்க்கு முனையைச் சுற்றி மேற்கே சென்றபோது, இரு நிலங்களும் வேறு வேறு என்பது உறுதியாயிற்று. குக் தம் நாட்குறிப்பில், ஐயத்திற்கிடமாயிருந்த ஒன்றைத் தெளிவித்த அளவே தம் பங்கு என்னும் கருத்துப்பட எழுதியமை அவர்தம் பெருமையைக் காட்டும். 1773-இல் அச்செலவின் வரலாறு அச்சில் வெளிவந்தது. 1607-இல் எழுதப்பட்ட திருமுகத்தின் கதியையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக.

வெளியிட்ட அறிவின் பயன் விரைவில் தெரிந்தது. 1789-இல் கலகக்காரர் "பௌண்டி" கப்பலிலிருந்து வில்லியம் பிளை என்னும் தலைவரையும் அவரோடு 18 பேரையும் ஒரு திறந்த படகில் இறக்கிவிட்டனர். கடற்படம் ஒன்றும் கையிலின்றி, முன்னர்ப் பயின்ற அறிவையே துணையாகக் கொண்டு, இந்த ஜலசந்தியின் வழியே சென்று, பிளை திமோர்த் தீவில் உயிரோடு கரையேறினார். அறியாத இடத்தின் கொடுமையும் உடனே தெரிந்தது. அக்கலகக்காரரைச் சிறைப்பிடித்து வந்த "பண்டோரா" என்னும் போர்க்கப்பல், 1791 ஆகஸ்டில், ஜலசந்தியின் கீழைவாயிலில் வழிதேடுகையில் பாரில் மோதி அமிழ்ந்தது. 35 பேர் மாண்டனர். 1802-இல் இவ்வழியே சென்று அளந்த மாத்யூ பிளிண்டர்ஸ், தம் நூலையும் படங்களையும் 1814 ஜூலையில் வெளியிட்டு, மறுநாளே உயிர் நீத்தார். ஒவ்வொருவரும் தாம் அளந்த பாகங்களைப் படத்தில் எழுதிப் பின்வருவார்க்கு விட்டுச் சென்றனர். அங்ஙனமும் பணி முடிந்திலது. 1890 பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு, "குவெட்டா" என்னும் நீராவிக் கப்பல், எந்தப் படத்திலும் குறிக்கப்படாத ஒரு பாறையில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கிற்று. 292 பேருள் 134 பேர் இறந்தனர். ஒரு பாறை படத்தில் இல்லாமையின் விலை அத்துணை!

ஈண்டு ஒரு தடை நிகழும். "ஓர் அரசு தன் மறைபொருளைக் காத்தல் குற்றமாமோ? பகைவர்க்கு வழிகாட்டுதல் அறிவுடைமையோ?" என்பர் சிலர். தன் நலத்தைக் காத்தல் அரசின் கடமை என்பதை யாமும் மறுப்பதில்லை. ஆயின், மறைத்த ஸ்பானியர் அவ்வழியால் யாது பெற்றனர்? தாமும் செல்லாது, பிறரையும் செல்லவிடாது, இறுதியில் அந்நியர் ஒருவர் அதனை எடுத்து அச்சிடுமளவும் அது பேழையிற் கிடந்தது. காத்த பொருள் காத்தவர்க்கும் பயன்படாது ஒழியுமாயின், அதனைக் காப்பு என்பதா, இழப்பு என்பதா? இந்தக் கொடாமையே இவ்வரலாறு காட்டும் முதற் குற்றம் என்க.

இனி, இரண்டாவது குற்றம் ஒன்று உளது. அஃது எம் உள்ளத்தை இன்னும் மிகுதியாக வருத்துகின்றது. இதுகாறும் யாம் "அறியாத ஜலசந்தி" என்றும் "படத்தில் இல்லாத வழி" என்றும் எழுதி வந்தோம். யார் அறியாதது? இத்தீவுகளில் பல நூற்றாண்டுகளாக மக்கள் வாழ்ந்து வந்தனர். நியூகினியின் பிளை ஆற்று முகத்திலிருந்து பெருமரத்தோணிகளைப் பண்டமாற்றாகப் பெற்று, இருபுறமும் மிதவைக் கட்டை பொருத்தி, தீவுக்குத் தீவு வாணிபம் செய்தனர். "டாகாய்" என்று அவர்கள் பெயரிட்ட பெரு விண்மீன் கூட்டத்தை நோக்கி, மழைக்காலத்தையும் நடவுக் காலத்தையும் கடற்செலவுக் காலத்தையும் வகுத்தனர். ஐரோப்பியர் இரண்டு மாதம் ஈயக் குண்டு விட்டு அறிய முயன்றதை, அத்தீவுச் சிறுவன் ஒருவன் தந்தையின் தோணியிலிருந்தே கற்றிருப்பான்.

அத்தகையாரைக் கண்ட மாலுமிகள் செய்தது யாது? டோரஸ் நியூகினிக் கரையில் வெவ்வேறு இனத்தாராகிய இருபது பேரைப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார். மன்னர்க்கு நாட்டைப் பற்றி விளங்கச் சொல்லுதற்பொருட்டு அவ்வாறு செய்ததாக அவரே எழுதுகின்றார். வழிகேட்டு ஆசானாகக் கொள்ளத்தக்காரைச் சான்றுப் பொருளாகச் சிறைகொண்டு சென்றனர் என்பதை நினைக்க நெஞ்சு நோகின்றது. குக் 1770 ஆகஸ்டு 22-ஆம் நாள் அங்குள்ள ஒரு தீவின்மீது கொடியேற்றி, கீழ்கரை முழுவதையும் தம் மன்னர்க்கு உரிமையாக்கினார். அங்கு வாழ்ந்தார் ஒருவரையும் கேட்டிலர். இம்மாலுமிகளின் ஆண்மையை யாம் குறைத்துக் கூறவில்லை. புயலையும் பாரையும் அஞ்சாத அந்நெஞ்சுரம் போற்றுதற்குரியதே. ஆயின், கடலுக்கு அஞ்சாதவர், எளிய மனிதர் ஒருவரிடம் சென்று "நீர் அறிவீர், எமக்குச் சொல்லும்" என்று பணிந்து கேட்க நாணினர். இது கேளாமை என்னும் குற்றம்.

கேட்டவர் பின்னரே வந்தனர். 1898-இல் ஆல்பிரட் ஹாடன் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் சிலரோடு அத்தீவுகட்குச் சென்று, மக்களின் மொழியையும் விண்மீன் அறிவையும் குலவழியையும் அவர் வாய்ச்சொல்லாற் கேட்டெழுதினார். அவை 1901 முதல் 1935 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்தன. கேட்டதும் அதனை வெளியிட்டதும் வீண்போகவில்லை. அத்தீவுகளுள் ஒன்றாகிய மெர் தீவில் தோன்றிய எடீ கோய்க்கி மாபோ என்பாரும் அவருடைய தோழரும், தம் நிலம் தம்முடையதே என்று 1982-இல் வழக்குத் தொடுத்தனர். ஹாடன் குழுவினர் எழுதிவைத்த குலவழிக் குறிப்புக்களும் அவ்வழக்கிற் பயன்பட்டன. 1992 ஜூன் 3-ஆம் நாள் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மெர் தீவு அம்மக்களுக்கே உரியது என்றும், அந்நாடு உரியவரற்ற நிலமாயிருந்தது என்னும் கொள்கை பிழையென்றும் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடில்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே மறைந்துவிட்டார்.

இவற்றை எழுதுங்கால் எம் மனச்சான்று எம்மையே சுட்டுகின்றது. சென்ற ஆண்டுத் தேர்வுக்கு முன், பன்னாள் முயன்று திரட்டிய இலக்கணக் குறிப்புக்களை உடன்பயிலும் நண்பர் ஒருவர் கேட்டார். "இன்னும் எழுதி முடிந்தில" என்று கூறிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். தேர்வும் முடிந்தது, குறிப்பும் பெட்டியிற் கிடக்கின்றது. அதனால் எமக்குக் கிடைத்த மேன்மை யாதென்று இன்றளவும் விளங்கவில்லை. நண்பர் முகத்தை நேரே நோக்கக் கூசியது மட்டும் நினைவிலுள்ளது. ஸ்பானிய மன்னரின் பேழை பெரிது; எம் பெட்டி சிறிது. குற்றம் ஒன்றே.

கேளாமையும் எம்பால் இல்லாமல் இல்லை. நெய்தற்றிணைப் பாட்டுக்களை உரைகளின் துணையால் வரிவரியாகப் பயில்கின்றோம். மீனின் பெயர் வருமிடத்தில், "ஒருவகை மீன்" என்று எழுதி அமைதியுறுகின்றோம். கடற்கரைக்குச் சென்று, கச்சான், சோழகம், கொண்டல், வாடை எனக் காற்றுக்களை வகுத்துரைக்கும் பரதவர் ஒருவரிடம் அமர்ந்து, "ஐயா, இம்மீன் யாது? இக்காற்று எப்பொழுது வீசும்?" என்று ஒருநாளேனும் கேட்டோமா? எழுத்தறியாரிடம் கற்பதற்கு என்ன உளது என்னும் செருக்கு எம்மையும் அறியாமல் எம்முள் புகுந்திருக்கின்றது. அச்செருக்கே அக்கப்பல்களின் தட்டிலும் நின்றது.

ஆதலின், கல்லூரியிற் பயிலும் நாம் அனைவேமும் இவ்விரண்டையும் உறுதியாகக் கொள்ளல் வேண்டும் என்பது எமது விண்ணப்பம். அறிந்ததை மறையாது கொடுத்தல் ஒன்று. அறியாததை எவரிடத்தும் நாணாது கேட்டல் மற்றொன்று. "கண்டுபிடித்தவர் யார்?" என்னும் வினாவுக்கு விடையாக ஒரு பெயரை மட்டும் சொல்லும் வழக்கம் ஒழிந்து, "அதனை முன்னரே அறிந்தவர் யார்? அறிந்ததைப் பிறர்க்கு அளித்தவர் யார்?" என்னும் வினாக்களும் நம் வகுப்புக்களில் எழுவனவாக. அப்பெட்டியின் பூட்டை யாம் திறந்துவிட்டோம்; குறிப்பேடு இப்பொழுது எம் மேசைமீதே உளது. வேண்டுவார் வந்து எடுத்துக்கொள்க.